பதினொரு பேருக்கும் பத்து

இந்தத் தடவையும் கொடி கட்டிவிட்டார்கள். எங்கள் சந்தின் இந்த முனையில் மஞ்சளும் பச்சையும், அந்த முனையில் நீலமும் வெள்ளையும். கரண்ட் கம்பி, கேபிள் கம்பி, பக்கத்து வீட்டு ஈரத்துணி எல்லாவற்றுக்கும் மேலே பிரேசிலும் அர்ஜென்டினாவும் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. கட்டின பையன்களில் பாதிப் பேருக்கு அந்த நாடுகள் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று காட்டத் தெரியாது. ஆனால் தோற்றுப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. நமக்கென்று அங்கே ஆட ஒரு டீம் இல்லாத குறையை ஊரான் டீமை வைத்துத் தீர்த்துக்கொள்கிறோம். என்னத்தைச் சொல்ல.

ஐம்பதைத் தாண்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். ‘அன்னிக்கு மட்டும் அப்படி நடக்காம இருந்திருந்தா’ என்று ஆரம்பிக்கிற கதை. எங்கள் வீட்டுக் கதை என் அண்ணனுடையது. நாற்பது வருஷமாக, உலகக் கோப்பை வரும்போதெல்லாம் அதைச் சொல்கிறான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடியிருக்க வேண்டியவன் அவன், அம்மாவின் தையல் மிஷின் அதைக் கெடுத்துவிட்டது என்பதுதான் கதை. அவன் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினவள் போன தை மாதம் போய்விட்டாள். இனி உங்களிடமாவது சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுக ஆபீசில் வேலை. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே கல்கத்தா வந்து இறங்கினவள். ஜாதவ்பூரில் ஒரு சந்தில் வாடகை வீடு. அந்த வீட்டையே பிறகு வாங்கினோம், இன்றைக்கும் நான் அதில்தான் இருக்கிறேன். அப்போது சந்து முழுக்க வங்காளிகள். நாங்கள் ஒரே ஒரு ‘மெட்ராஸி’ வீடு. பாரா, பாரா என்பார்கள். தெருவை விடப் பெரிசு, ஊரை விடச் சின்னது, சொந்தக்காரர்களை விடத் தொந்தரவு. அதுதான் பாரா. அதற்கு ஒரு கிளப், கிளப்புக்கு ஒரு செக்ரட்டரி காக்கு. காக்கு என்றால் சித்தப்பா.

உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாராவில் ஒரு வழக்கம். சந்தின் இரண்டு முனைகளும் இரண்டு நாடுகளாகி, குளத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் மோதும். ஜெயித்த பக்கம் அந்த மாசம் முழுக்கக் கிளப் டி.வி.க்கு முன்னால் பெஞ்சில் உட்காரலாம். தோற்ற பக்கம் தரையில். சிரிக்காதீர்கள், அதற்காகப் பேசாமல் போன மாமன் மச்சான்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு பிரேசில் முனையில் இருந்தது. அதனால் நாங்கள் பிரேசில். “வாடகைக்கு இருக்கிறவன் கட்சி சேரப்படாது” என்று அப்பா சொல்லிப் பார்த்தார். வாடகையை வாங்குகிறவரே பிரேசில் என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பிரேசிலின் பத்தாம் நம்பர் என் அண்ணன். அவனுக்கு அப்போது பதினாறு, எனக்குப் பன்னிரண்டு.

நன்றாக ஆடுவான். அதில் பொய் இல்லை. பந்து அவன் காலுக்கு வந்தால் வீட்டு நாய் மாதிரி கூடவே போகும். ஆனால் கொடுக்க மாட்டான். ஒருத்தனுக்கும் பாஸ் கொடுக்க மாட்டான். மைதானத்தைச் சுற்றி நிற்கிற கிழவர்கள் “பாஸ் தே! பாஸ் தே ரே!” என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவன் நாலு பேரை ஏமாற்றி, ஐந்தாவது ஆளிடம் மாட்டிக்கொண்டு, பந்தைப் பறிகொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவனைத் திட்டுவான். கேட்டால், “கோல் போடத் தெரிஞ்சவன்கிட்டதான பந்து இருக்கணும்?” என்பான். ஆனாலும் பாராவுக்கு அவன் செல்லம். “நம்ம மெட்ராஸிப் பையன் இந்தியாவுக்கு ஆடுவான் பாரு” என்று மிட்டாய்க்கடையில் பேசிக்கொள்வார்கள். அவனும் கணக்குப் போட்டு வைத்திருந்தான். தனக்கு இருபத்து நாலு வயசு ஆகும்போது இந்தியா உலகக் கோப்பைக்குப் போகும். தன்னால்தான் போகும்.

எனக்கு? நான் போஸ்ட். கேலி இல்லை, நிஜமாகவே கோல் போஸ்ட். அவன் சாயங்காலம் தனியாகப் பழகும்போது ஒரு பக்கம் மண்ணெண்ணெய் டின்னை வைப்பான், மறுபக்கம் என்னை நிறுத்துவான். “ஆடாம நில்லுட்டி.” நிற்பேன். பந்து தொடையில் பட்டுச் சிவந்தாலும் நிற்பேன். அவன் பூட்ஸுக்கு ஞாயிறு தோறும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பது நான். இந்த உலகத்தில் என் அண்ணனுக்கு முதல் ரசிகை நான்தான். அதற்கு யாரும் எனக்கு ஒரு கொடிகூடத் தரவில்லை.

அந்த வருஷம் விஷயம் பெரிசாகிவிட்டது. செக்ரட்டரி காக்கு எப்படியோ ஆளைப் பிடித்து, மாகாண ஜூனியர் டீமுக்குப் பையன்களைப் பொறுக்குகிற செலக்டர் ஒருவரை எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கச் சம்மதிக்க வைத்தார். ஒரே ஒரு பையனை எடுப்பாராம். “பத்தாம் நம்பரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்” என்று காக்கு எங்கள் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார். மாகாண டீம், அதற்கு மேலே இந்தியா டீம். அண்ணன் அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

செலக்டர் வருகிறார் என்றதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை வேண்டும் என்று காக்குவுக்குத் தோன்றிவிட்டது. பாராவில் தையல் மிஷின் எங்கள் வீட்டில் மட்டும்தான். பதினொரு வெள்ளைக் கைவைத்த பனியனைக் கொண்டுவந்து கொடுத்து, “மாஷிமா, மஞ்சள் சாயம் போட்டு நம்பர் தைத்துக் கொடுங்கள்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி, எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பாராவில் எல்லாருக்கும் அம்மா மாஷிமாதான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்து இத்தனை வருஷத்தில் அந்தச் சந்து அவளிடம் கேட்ட முதல் காரியம் அது.

“மஞ்சப்பொடி இருக்கையில சாயம் எதுக்கு?” என்று ஊரிலிருந்து வந்த விரலி மஞ்சளை இடித்து, படிகாரம் போட்டு, குளிக்கிற அண்டாவில் பனியன்களை ஊறவைத்தாள். வீடெல்லாம் மஞ்சள் மணம். காய்ந்த பிறகு பார்த்தால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அசல் பிரேசில். நம்பருக்குப் பச்சைத் துணி வேண்டுமே? தன்னுடைய பழைய உள்பாவாடை ஒன்றைக் கிழித்தாள். இதை மட்டும் வெளியே சொல்லாதே என்று என்னிடம் கண்ணைக் காட்டினாள். அந்தப் பையன்களுக்குக் கடைசி வரை தெரியாது.

அண்ணன் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனான். “எனக்குப் பத்து. முதுகு நிறையப் பெருசா. மத்தவனுகளுக்கு எதையாவது போடும்மா, எவன் பாக்கப் போறான்?”

அம்மா தலையாட்டினாள். அவளுக்குப் பந்தாட்டத்தில் பத்து என்றால் என்ன என்று தெரியாது. ராமேஸ்வரம், சந்திர கிரகணம், பொரித்த குழம்பு இவை தெரியும்.

அன்று மத்தியானமே முதல் ஆள் வந்தான். கோல்கீப்பர். கொல்லைக் கதவு வழியாக வந்து, வாளியில் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “மாஷிமா, எனக்குப் பத்தாம் நம்பர் தருவீங்களா?” அம்மாவின் வங்காளி காய்கறிக் கடை வங்காளி. நம்பர் மட்டும் நன்றாகப் புரியும். “அதுக்கென்னப்பா, தாரேன்” என்றாள் தமிழில். அவனுக்கும் புரிந்தது. சாயங்காலம் இரண்டு பேர், ஒருத்தன் போன பிறகு ஒருத்தன். மறுநாள் ஏழு பேர். ஒருத்தன் கொய்யாப்பழம் கொண்டுவந்தான். ஒருத்தன் ரேஷன் கடைக்குப் போய் வரட்டுமா என்றான். கடைசியாக வந்தது மீன்காரர் மகன். இடது ஓரத்தில் ஆடுகிற ஒல்லிப் பையன். வாசனை வருமோ என்று வெட்கப்பட்டுப் படிக்கு வெளியிலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டினான், அவ்வளவுதான்.

நம்பர்களை நான்தான் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு மர ஸ்கேல், சுழிக்கு எவர்சில்வர் டம்ளர். மூணாவது பத்தை வெட்டும்போதே கேட்டேன். “அம்மா, பத்து ஒருத்தருக்குத்தாம்மா. மத்தவங்களுக்கு வேற வேற நம்பர் போடணும்.”

“எவன் சொன்னான்?”

“அப்படித்தாம்மா ஆடுவாங்க.”

அம்மா மிஷினை நிறுத்தினாள். “பிள்ளைய ஒவ்வொண்ணா ஆசையா வந்து கேக்கு. ஒருத்தனுக்குக் குடுத்துட்டு இன்னொருத்தனுக்கு இல்லேங்கவா? பந்தியில உக்காந்த பிறகு ஒருத்தன் எலையில பாயாசம், அடுத்தவன் எலையில வெறும் ரசமா? பந்தி வஞ்சனை பாவம்லா.”

“அண்ணன் கோவப்படுவான்.”

“அவன் எதுக்குக் கோவப்படணும்? அவனுக்கும் பத்துதான போட்டிருக்கு. கொறைச்சா போட்டேன்? மத்தவனுக்கு எதையாவது போடுன்னு அவன்தான சொன்னான்.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் அடுத்த சுழிக்கு டம்ளரைக் கவிழ்த்தேன்.

அண்ணனிடம் நான் சொல்லியிருக்கலாம். மூணு நாள் இருந்தது, அவன் மிஷின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு, உங்களிடம் மறைக்கவில்லை. அந்த வாரம் கிளப்பில் மூங்கில் கழி நட்டு உண்மையான கோல் போஸ்ட் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் நான் வழக்கம் போலப் பின்னால் ஓடினேன். “இனி நீ வேண்டாம்ட்டி, கழி நட்டாச்சு. வீட்டுக்குப் போ” என்றான் எல்லார் முன்னாலும். மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அழுகையாக வந்தது. நல்லா வேணும் அவனுக்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். பன்னிரண்டு வயசு ரோஷம், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வானம் கறுத்து, காற்றில்லாமல் புழுங்கியது. மடித்த பனியன்களை அப்பாவின் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, மைதானத்துக்கு நான்தான் சுமந்துகொண்டு போனேன். அம்மா வரவில்லை, ஆடிவிட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கேசரி கிளற வேண்டுமாம். செலக்டர் வந்திருந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெலிந்த மனுஷர்.

மூட்டையைப் பிரித்ததும் மைதானத்தில் ஒரே குழம்பு வாசனை. அந்தப் பக்கத்துக்காரர்கள் “சாம்பார் டீம்! சாம்பார் டீம்!” என்று ஆரம்பித்தார்கள். பையன்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆளுக்கொன்றை எடுத்து விரித்துப் பார்த்து, மார்போடு சேர்த்துவைத்துக்கொண்டு, அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்கள். அவன் கையிலும் பத்து. அதற்கு அடுத்தவன் கையிலும் பத்து. ஒவ்வொருத்தனும் திருட்டுத்தனமாகப் போய்க் கேட்டிருக்கிறான் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோச்சு. கோல்கீப்பர்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். அந்த டீம் அப்படி ஒன்றாகச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அண்ணன் கடைசியில்தான் வருவான். பூட்ஸைக் கயிற்றில் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி நடந்து. அன்றைக்கும் அப்படித்தான் வந்தான். அவனுக்கு வைத்திருந்த பனியனைப் போட்டுக்கொண்டான், திரும்பினான், பார்த்தான்.

முகம் எப்படி மாறியது என்று எனக்கு இப்போதும் தெரிகிறது. கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். பத்து இல்லாவிட்டால் தான் யார் என்று தெரியாத மாதிரி ஒரு பயம்.

“எல்லாரையும் கழட்டச் சொல்லுங்க” என்றான் காக்குவிடம்.

“கழட்டிட்டு என்னத்தைப் போட? மேலே சுண்ணாம்பால் ஏதாவது எழுதிக்கலாம்டா. அவர் வந்து உட்கார்ந்திருக்கார், ஆட்டத்தை ஆரம்பி.”

“இவனுக பத்து போட்டுட்டு ஆடுனா நான் ஆட மாட்டேன்.”

பனியனைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, மைதானத்துக்குப் பின்னால் குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். காக்கு கெஞ்சினார். கோல்கீப்பர் போய்க் கூப்பிட்டான். மீன்காரர் மகன் தன் பனியனைக் கழற்றிக் கொடுக்கவே போனான். அண்ணன் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரமாகிறது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

பத்து பத்துகள் ஆடினார்கள். யாரைக் காவல் காப்பது என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. நம்பரைச் சொல்லிக் கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்! செலக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொன்றும் நடந்தது. பந்து சுற்றியது. இவனிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து மற்றவனுக்கு. அண்ணன் இல்லாததால் வேறு வழியில்லாமல் கொடுத்தார்களோ, இல்லை முதுகில் இருந்த நம்பர் பார்த்த வேலையோ, எனக்குத் தெரியாது. ஒரு கோல் போட்டார்கள். எத்தனை கால் மாறி அந்தப் பந்து வலைக்குப் போனது என்று எண்ணிக்கூட முடியவில்லை. கிழவர்கள் ‘பாஸ் தே’ என்று கத்த மறந்துபோனார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். தட்டிவிட்டு, குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்து, கையை மறைத்துக்கொண்டேன்.

பாதி ஆட்டம் முடிந்ததும் செலக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் இன்னாரின் தங்கை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதுதான் அண்ணன் கதையில் இல்லாத பகுதி. கவனமாகக் கேளுங்கள்.

“உங்க அண்ணன்தானா அங்கே படியில் உட்கார்ந்திருக்கிறது?” என்று வங்காளியில் கேட்டார். “போய்ச் சொல்லு. நான் சட்டையைப் பார்க்க வரலை, காலைப் பார்க்க வந்தேன். பத்து நிமிஷம் இறங்கி ஆடினாப் போதும். அவனுக்காகத்தான் இன்னும் உட்கார்ந்திருக்கேன்.”

நான் ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

அண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். “முதல்ல அவனுக கழட்டட்டும்.”

“அவரு போயிருவாருண்ணே.”

“போகட்டும். நான் யாருன்னு தெரிஞ்சா நாளைக்கு வீடு தேடி வருவாரு.”

“அண்ணே, வாண்ணே. பத்து நிமிஷந்தான்.”

“ஏட்டி, போ அங்கிட்டு.”

திரும்பி நடந்தேன். வேட்டித்துணியை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். இரண்டாவது பாதியில் மழை பிடித்தது. பையன்களின் கழுத்திலும் காலிலும் மஞ்சள் வழிந்து ஓடியது. செலக்டர் குடையை விரித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை குளத்துப் பக்கம் பார்த்தார், அது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு எழுந்து, காக்குவிடம் இடது ஓரத்து ஒல்லிப் பையனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் தோற்றோம். அந்த மாசம் முழுக்கத் தரைதான்.

வீட்டுக்கு வந்த அண்ணன் சுருட்டி வைத்திருந்த பனியனைக் கொல்லையில் சோப்புத் தண்ணீர் வாளியில் வீசினான். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமமாகச் சிவந்தது. “எல்லாம் உன்னாலதான். என் வாழ்க்கையையே கெடுத்துட்ட” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினான். அம்மா கேசரிக் கரண்டியோடு நின்றாள். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அப்பா நாற்காலியிலிருந்து, “எழுத்து வாசனை இல்லாதவகிட்ட நம்பரைக் குடுத்தா இப்படித்தான்” என்றார். பாராவில் மறுநாள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். மெட்ராஸி மாஷிமாவின் முட்டாள்தனத்தால் பாராவின் ரத்தினம் போச்சு. தங்கள் ரத்தினத்தை அவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. ரசிகர்களின் விசுவாசம் அப்படி. ஆட்டக்காரனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அவனைப் பெற்றவளை விட்டுக்கொடுப்பார்கள்.

அடுக்களைக்குள் போய், “அம்மா, அவரு கூப்பிட்டாரும்மா. நானே போய்ச் சொன்னேன். அண்ணன்தான் வரமாட்டேன்னுட்டான். இப்பவே அப்பாகிட்ட சொல்லப்போறேன்” என்றேன்.

அம்மா கேட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள்.

“சொல்லாதட்டி. அவனுக்கு என் மேல கோவம்னா, பசிச்சா வந்து தின்னுருவான். அவன் மேலயே அவனுக்குக் கோவம் வந்துட்டுன்னா, அப்புறம் யாரு போட்டாலும் சோறு எறங்காது. நான் தாங்கிக்கிடுவேன். அவன் தாங்க மாட்டான். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அவள் சொன்னது போலவே ராத்திரி அவன் வந்தான், தட்டை நீட்டினான், தின்றான். அம்மாவோடு பேச ஒரு மாசம் ஆனது.

செலக்டர் வீடு தேடி வரவில்லை. அண்ணன் அந்த வருஷத்தோடு பூட்ஸைக் கட்டிலுக்கடியில் போட்டான். அது எங்கே போனது என்று தெரியாது. எந்த வெள்ளையடிப்பில், எந்தப் பழைய பேப்பர்க்காரரோடு போனதோ. பிறகு காலேஜ், கம்பெனி வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாரையும் போல வாழ்ந்து, முன்கூட்டியே ரிட்டயரும் ஆகிவிட்டான். நாலு வருஷத்துக்கு ஒருமுறை கதை மட்டும் வரும். புதுசாக வந்த அண்ணி கேட்டாள். ஆபீஸ் நண்பர்கள் கேட்டார்கள். “பதினொரு பேருக்கும் பத்து! எங்கம்மா!” என்று அவன் சொல்லும்போது கூட்டம் சிரிக்கும். அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே, “ஆமா, புத்தி கெட்டவ, தச்சுத் தொலைச்சேன்” என்று சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு ஒரு தடவை என்னைப் பார்ப்பாள். நான் தரையைப் பார்ப்பேன். எத்தனை உலகக் கோப்பை இப்படிப் போச்சு. சலித்துவிட்டது, அம்மா தாயே.

மீன்காரர் மகன் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. மாகாணத்துக்கு இரண்டு வருஷம் ஆடினான். முட்டி போச்சு. ஆனால் அந்த ஆட்டத்தால் ரயில்வேயில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் சாந்த்ராகாச்சி யார்டில்தான் இருக்கிறான். அம்மா போன அன்றைக்கு நொண்டிக்கொண்டே வந்தான். தலைமாட்டில் உட்கார்ந்து என்னிடம் சொன்னான், “அந்தப் பத்தைப் போட்டுக்கொள்கிறவரை டீமில் என்னை ஏய் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கேட்காமலே மாஷிமா பெரிய நம்பராகக் கொடுத்தாங்க.” கேட்காமலா? பத்து விரலைக் காட்டினாயே என்று வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன். அண்ணன் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட்டானா என்று தெரியாது.

இப்போது இந்த உலகக் கோப்பைக்கு வருகிறேன். அண்ணன் பத்து நாள் என்னோடு இருக்க வந்திருக்கிறான், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. ராத்திரி விழித்து ஆட்டம் பார்க்கிற வயசா நமக்கு? காலையில் டி.வி.யில் திரும்பப் போடுகிறான், இட்லி தட்டோடு உட்கார்ந்து பார்க்கிறோம். நேற்றுக் காலை ஏதோ ஒரு நாட்டு ஆட்டம். அவர்களுடைய பத்தாம் நம்பர், வயசாகிவிட்ட ஆள், பாதியில் வெளியே அழைத்துவிட்டார்கள். கோச் நீட்டின கையைப் பார்க்காமல் தாண்டிப்போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையை முகத்துக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டான். உள்ளே அவன் கூட்டாளிகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த சொந்த நாட்டு ஜனங்கள் கோச்சைத்தான் திட்டிக் கத்தினார்கள்.

“மூஞ்சியத் தொறடா” என்றான் அண்ணன் டி.வி.யைப் பார்த்து. “உள்ள ஆடுதுல்லா உன் டீமு. அதப் பாருடா.”

பேத்திக்கு ஐந்து வயசு. தமிழ் பாதி, வங்காளி பாதி. “தாத்தா, அந்த ஜெர்சி கதை போலோ நா!” என்று மடியில் ஏறினாள். சொல்லேன் என்று அர்த்தம். அவன் ஆரம்பித்தான். மைதானம் வந்தது, செலக்டர் வந்தார், குடை வந்தது. “மூட்டையப் பிரிச்சா, எல்லாத்துலயும் பத்து. எங்கம்மா...” என்றவன் நிறுத்திவிட்டான். அவன் கண் சுவரில் மாலை போட்ட படத்துக்குப் போனது. வழக்கமாக அந்த இடத்தில் காபியோடு ஒருத்தி வந்து ‘புத்தி கெட்டவ’ என்று சொல்லுவாள்.

“தார்பர்?” என்றாள் குழந்தை. அப்புறம்?

“அப்புறம் மழ வந்துட்டு. ஆட்டம் முடிஞ்சிட்டு. அவ்வளவுதான், போய் வெளையாடு.”

அவள் போய்விட்டாள். அவன் தட்டில் நாலு இட்லியும் வைத்தபடியே இருந்தன, சட்னி ஓரத்தில் காய்ந்துவிட்டது. முந்தின நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா போனதிலிருந்தே அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்று அண்ணி போனில் சொல்லியிருந்தாள். டி.வி.யில் அந்தப் பத்தாம் நம்பர் இன்னும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்க்காமல் சொன்னான். “அன்னிக்கு நீ இன்னொரு தடவ வந்து கூப்பிட்டிருக்கலாம்ட்டி.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு தடவை கூப்பிட்டேனேடா, பாவி. ‘ஏட்டி, போ அங்கிட்டு’ என்று விரட்டினது யார்? நாற்பது வருஷமாக வாயில் அடக்கிவைத்தது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. சத்தியம் வாங்கினவளும் இல்லை. சொல்லியே விடுவது என்று திரும்பினேன். அவன் கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. வயசான கை. அம்மாவின் கை மாதிரியே இருந்தது.

“ஆமாண்ணே” என்றேன். “கூப்பிட்டிருக்கணும். என் தப்புதான்.”

அவன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு ஒரு இட்லியைப் பிட்டான்.

“சட்னி இன்னும் கொஞ்சம் போடு” என்றான்.